உரியவர் வராத சொத்து யாருக்குச் சொந்தம்?

  



குகைக்குள் சிக்கிக்கொண்ட மூன்று பேருடைய சம்பவம் நமக்கெல்லாம் தெரியும். மழைக்கு ஒதுங்கினார்கள். பாறை உருண்டு வந்து வாசலை அடைத்துக்கொண்டது. ஒவ்வொருவரும் தான் அல்லாஹ்வுக்காகவே செய்த ஒரு அமலைச் சொல்லி துஆ கேட்டார்கள். ஒருவர் பெற்றோருக்குச் செய்த பணிவிடையைச் சொன்னார். மற்றொருவர் விபச்சாரத்தின் விளிம்பு வரை போய் அல்லாஹ்வுக்குப் பயந்து எழுந்து வந்ததைச் சொன்னார். இந்த இரண்டையும் நாம் அடிக்கடி பேசுகிறோம். மூன்றாமவர் சொன்னதை அவ்வளவாகப் பேசுவதில்லை.

அவர் ஒருவரைக் கூலிக்கு வைத்திருந்தார். கூலி சில படி தானியம். வேலை முடிந்ததும் அந்தத் தொழிலாளி கூலியை வாங்காமல் விட்டுவிட்டுப் போய்விட்டார். முதலாளி அந்தத் தானியத்தை விதைத்தார். விளைந்ததை மறுபடி விதைத்தார். அது பெருகி மாடுகளாகவும் அவற்றை மேய்க்கும் ஆளாகவும் ஆனது. காலம் கடந்து ஒருநாள் அந்தத் தொழிலாளி வந்து, அல்லாஹ்வைப் பயந்துகொள், என் உரிமையைக் கொடு என்று நின்றார். அதோ அந்த மாடுகளையும் மேய்ப்பவரையும் ஓட்டிக்கொண்டு போ என்றார் முதலாளி. என்னைக் கேலி செய்யாதே என்றார் தொழிலாளி. கேலியில்லை, எல்லாம் உன்னுடையதுதான் என்றார் இவர். ஒன்றுகூட விடாமல் அவர் ஓட்டிக்கொண்டு போனார். அந்த அமலைச் சொல்லிக் கேட்டபோது பாறை முழுவதும் விலகியது. (புகாரி, முஸ்லிம்)

சகோதரர்களே! அவரிடம் கணக்குப் புத்தகம் கேட்க யாரும் இல்லை. உன் கூலி இதோ நாலு படி தானியம் என்று அளந்து கொடுத்திருந்தாலும் ஊர் அவரை நல்ல மனிதர் என்றுதான் சொல்லியிருக்கும். ஆனால் உரியவர் வராத பொருளை அவர் தன்னுடையதாக நினைக்கவில்லை. வந்தால் கொடுக்க வேண்டிய பொருளாகவே கடைசி வரை வைத்திருந்தார்.

இன்றைய ஜும்ஆவில் இதைத்தான் பேசப்போகிறோம். உரியவர் வராத சொத்து யாருக்கு? ஒரே பொருளுக்கு இரண்டு பேர் வந்து நின்றால் என்ன செய்வது? அரசாங்கங்கள் இதில் என்ன செய்கின்றன? நம் மார்க்கம் என்ன சொல்கிறது?

இது சின்ன விஷயமா?

தெருவில் கிடக்கும் பத்து ரூபாயைப் பற்றி மட்டும் பேசுவதாக நினைத்துவிடாதீர்கள். நம் நாட்டு வங்கிகளில் பத்து வருடங்களாக யாரும் தொடாமல் கிடந்து, ரிசர்வ் வங்கியின் தனி நிதிக்கு மாற்றப்பட்ட பணம், 2024 மார்ச் இறுதிக் கணக்குப்படி 78 ஆயிரம் கோடி ரூபாய்க்கும் மேல். இது வங்கி டெபாசிட் மட்டும். காப்பீட்டுப் பணம், பங்கு, டிவிடெண்ட் எல்லாம் தனி.

இந்தப் பணம் யாருடையது? ஏதோ ஒரு அத்தா வெளிநாட்டில் கஷ்டப்பட்டுச் சேர்த்தது. ஏதோ ஒரு பாட்டி சிறுகச் சிறுகப் போட்டு வைத்தது. மௌத்து திடீரென்று வந்தது. பாஸ்புக் எங்கே என்று வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. உரிமையுள்ள யதீம்களும் விதவைகளும் வெளியே கஷ்டப்படுகிறார்கள். அவர்களுடைய பணம் உள்ளே தூங்குகிறது.

கண்டெடுத்த பொருளின் சட்டம்

ஸைத் இப்னு காலித் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ் இந்தப் பாடத்திற்கு அடிப்படை. கண்டெடுத்த பொருளைப் பற்றி ஒருவர் நபி (ஸல்) அவர்களிடம் கேட்டார். அது இருந்த பையையும் அதைக் கட்டியிருந்த கயிற்றையும் நன்றாக அடையாளம் தெரிந்துகொள், ஒரு வருடம் அறிவிப்புச் செய், உரியவர் வந்தால் கொடுத்துவிடு, வராவிட்டால் நீ பயன்படுத்திக்கொள் என்ற கருத்தில் நபியவர்கள் பதில் சொன்னார்கள். வழி தவறிய ஆட்டைப் பற்றிக் கேட்டார். அது உனக்கு, அல்லது உன் சகோதரனுக்கு, இல்லையென்றால் ஓநாய்க்கு என்றார்கள். வழி தவறிய ஒட்டகத்தைப் பற்றிக் கேட்டார். நபியவர்களுடைய முகம் சிவந்துவிட்டது. அதற்கும் உனக்கும் என்ன சம்பந்தம்? நடக்க அதற்குக் கால் இருக்கிறது, குடிக்க அதனிடம் தண்ணீர் இருக்கிறது, உரியவர் வந்து சேரும் வரை அதை விட்டுவிடு என்ற கருத்தில் சொன்னார்கள். (புகாரி, முஸ்லிம்)

கவனியுங்கள். ஆட்டை விட்டால் அழிந்துவிடும். ஒட்டகத்தை விட்டால் அழியாது. எடுத்தால்தான் பொருள் பாதுகாக்கப்படும் என்ற இடத்தில் எடுக்க அனுமதி. எடுக்காமல் விட்டால்தான் உரியவருக்குக் கிடைக்கும் என்ற இடத்தில் தொடுவதே தவறு. அளவுகோல் எடுப்பவனுடைய ஆசை அல்ல, உரியவருடைய நன்மை.

ஒரு வருடம் அறிவித்தும் யாரும் வரவில்லை என்றால்? ஷாஃபிஈ மத்ஹபில், எடுத்தவர் ஏழையானாலும் செல்வந்தரானாலும் அதைத் தன் உடைமையாக்கிக்கொள்ளலாம். ஹனஃபி மத்ஹபில், ஏழையாக இருந்தால் தானே பயன்படுத்தலாம். வசதியுள்ளவராக இருந்தால் உரியவருடைய பெயரில் ஸதகா செய்துவிட வேண்டும். ஆனால் இரண்டு மத்ஹபும் ஒரு விஷயத்தில் ஒன்றுபடுகின்றன. நாளை உரியவர் வந்து நின்றால் அவருடைய உரிமை அப்படியே இருக்கிறது. பொருள் இருந்தால் பொருள், செலவாகியிருந்தால் ஈடு. ஹனஃபி சட்டப்படி, வந்தவர் அந்த ஸதகாவை ஏற்று அதன் நன்மையை எடுத்துக்கொள்ளவும் செய்யலாம்.

அரசு கையில் எடுத்த முதல் ஏற்பாடு

உமர் (ரலி) அவர்களுடைய காலத்தில் வழி தவறிய ஒட்டகங்கள் யாரும் தொடாமல் சுதந்திரமாகத் திரிந்தன, குட்டி போட்டுப் பெருகின. உஸ்மான் (ரலி) அவர்களுடைய காலத்தில் அந்த ஒட்டகங்களை அறிவிப்புச் செய்து, பின்பு விற்று, உரியவர் வந்தால் விலையைக் கொடுக்கும்படி உத்தரவிட்டார்கள் என்று இமாம் மாலிக் (ரஹ்) அவர்களுடைய முவத்தாவில் வருகிறது.

நபியவர்கள் விடச் சொன்னதை உஸ்மான் (ரலி) எப்படிப் பிடிக்கச் சொன்னார்கள்? உலமாக்கள் இப்படி விளக்குகிறார்கள்: மனிதர்களின் நிலை மாறிவிட்டது, விட்டால் யாராவது பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்ற பயம் வந்துவிட்டது. நபியவர்களுடைய நோக்கம் உரியவருக்குப் பொருள் போய்ச் சேர வேண்டும் என்பது. அந்த நோக்கத்தைக் காப்பாற்றத்தான் அரசு தன் கையில் எடுத்தது. ஒட்டகம் அரசுடைய சொத்தாகிவிடவில்லை. அரசு காவலாளியாக நின்றது.

தையல் கடையில் கிடக்கும் துணி

இங்கே ஒரு வித்தியாசத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். தெருவில் கண்டெடுத்தது வேறு. ஒருவர் நம்மை நம்பி ஒப்படைத்தது வேறு. தையல் கடை, சலவைக் கடை, வாட்ச் ரிப்பேர், செல்போன் கடை வைத்திருக்கும் சகோதரர்கள் கேட்கிறார்கள்: ஹஜ்ரத், இரண்டு வருடமாக வந்து வாங்கவில்லை, நான் எடுத்துக்கொள்ளலாமா?

அது அமானிதம். ஒரு வருடம் கழிந்தால் என்னுடையது என்ற கணக்கு அதற்குக் கிடையாது. முதலில் தேட வேண்டும். ரசீதில் போன் நம்பர் இருந்தால் கூப்பிட வேண்டும். வைத்திருந்தால் கெட்டுப்போகும், இனி வரமாட்டார் என்ற நம்பிக்கை உறுதியானால், விற்று, அவருடைய பெயரில் ஸதகா செய்து, கணக்கை எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். வேலைக்கான கூலியை விற்ற விலையிலிருந்து எடுத்துக்கொள்வதானால் அதையும் அந்தக் கணக்கில் எழுத வேண்டும்.

இதற்கு இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்களுடைய முன்மாதிரி இருக்கிறது. ஒரு அடிமைப் பெண்ணை வாங்கினார்கள். பணம் கொடுக்கும் முன் விற்றவர் காணாமல் போய்விட்டார். ஒரு வருடம் தேடினார்கள். கிடைக்கவில்லை. பிறகு அந்தப் பணத்தை ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டு, யா அல்லாஹ், இது அவருக்காக. அவர் வந்து கேட்டால் இதன் நன்மை எனக்கு, அவருடைய பணம் என் பொறுப்பு என்ற கருத்தில் சொன்னார்கள். இமாம் புகாரி (ரஹ்) இதைப் பதிவு செய்திருக்கிறார்கள். ஸதகா செய்த பிறகும் கடன் தன் தலையில்தான் என்றார்கள். அதுதான் பேணுதல்.

இரண்டு பேர் வந்து நின்றால்?

முன்பு நான் இமாமாக இருந்த ஒரு பள்ளியில் பெண்கள் பகுதியில் ஒரு தங்கச் செயின் கிடந்தது. மதரஸா பிள்ளை எடுத்துக் கொண்டுவந்து கொடுத்தது. ஒரு நகை கிடைத்திருக்கிறது, அடையாளம் சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள் என்று மட்டும் மைக்கில் சொன்னோம். செயின் என்றோ, எத்தனை பவுன் என்றோ சொல்லவில்லை. இரண்டு வீட்டிலிருந்து வந்தார்கள். இரண்டு பேரும் செயின் என்றார்கள். எடையும் கிட்டத்தட்ட ஒன்றாகச் சொன்னார்கள். கொக்கி எப்படி இருக்கும் என்று கேட்டோம். ஒரு அம்மா, கொக்கி போன மாதமே உடைந்துவிட்டது, மஞ்சள் நூல் போட்டுக் கட்டி வைத்திருந்தேன் என்றார். கையை விரித்துக் காட்டினோம். மஞ்சள் நூல்.

கயிற்றை அடையாளம் தெரிந்துகொள் என்று ரசூலுல்லாஹ் (ஸல்) ஏன் சொன்னார்கள் என்று அன்றைக்குத்தான் எனக்கு முழுதாகப் புரிந்தது. எடை தெரிந்திருக்கலாம், நிறம் தெரிந்திருக்கலாம், முடிச்சு எப்படி என்று உரியவருக்கு மட்டும்தான் தெரியும். இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த இரண்டாவது பெண்ணும் பொய் சொல்லவில்லை. அவருடைய செயினும் உண்மையிலேயே தொலைந்திருந்தது. உரிமை கோரி வருபவர் எல்லாம் மோசடிக்காரர் அல்ல. யாரையும் அவமானப்படுத்தாமல் விசாரிக்க வேண்டும்.

பெரிய சொத்தில் போட்டி வந்தால் ஷரீஅத்தின் அடிப்படை என்ன? வெறும் வாய்ச்சொல்லை வைத்தே கொடுத்துவிடுவதென்றால் மனிதர்கள் பிறருடைய உயிரையும் பொருளையும் எனக்கு என்று கேட்டுவிடுவார்கள் என்ற கருத்தில் நபியவர்கள் எச்சரித்தார்கள். கோருபவர் ஆதாரம் கொண்டுவர வேண்டும்; மறுப்பவர் சத்தியம் செய்ய வேண்டும். இருவர் ஒரு பிராணிக்கு உரிமை கோரி, ஒருவருடைய ஆதாரமும் மற்றவரை வெல்லாதபோது, நபியவர்கள் அதை இருவருக்கும் பாதிப் பாதியாக ஆக்கினார்கள் என்று அபூமூஸா (ரலி) அவர்களின் அறிவிப்பு அபூதாவூதில் வருகிறது. கண்டெடுத்த பொருளுக்கு இருவர் ஒரே மாதிரி அடையாளம் சொன்னால் சீட்டுப் போட்டு, பெயர் வந்தவரிடம் சத்தியம் வாங்கிக் கொடுக்க வேண்டும் என்று ஹன்பலி நூல்களில் இருக்கிறது.

இன்றைய அரசுகள் என்ன செய்கின்றன?

நம் நாட்டில் பத்து வருடம் இயங்காத வங்கிக் கணக்கின் பணம், வைப்பாளர் கல்வி மற்றும் விழிப்புணர்வு நிதி என்ற பெயரில் ரிசர்வ் வங்கி 2014ல் தொடங்கிய நிதிக்குப் போகிறது. பலர் பணம் போய்விட்டது என்று நினைக்கிறார்கள். போகவில்லை. கணக்கு வைத்திருந்தவரோ அவருடைய வாரிசோ எப்போது போய்க் கேட்டாலும் அந்த வங்கி கொடுக்க வேண்டும். கொடுத்துவிட்டு அந்த நிதியிலிருந்து வங்கி பெற்றுக்கொள்ளும். ஏழு வருடம் வாங்காத டிவிடெண்டும் அதற்குரிய பங்குகளும் முதலீட்டாளர் பாதுகாப்பு நிதிக்குப் போகின்றன. அங்கேயும் விண்ணப்பித்து வாங்கலாம். காப்பீட்டுப் பணம் பத்து வருடம் கேட்பாரற்றுக் கிடந்தால் மூத்த குடிமக்கள் நல நிதிக்குப் போகிறது. இதற்கு மட்டும் ஒரு எல்லை உண்டு. அங்கே போய் 25 வருடம் வரை கேட்கலாம். அதற்குப் பிறகு அரசுக்குச் சேர்ந்துவிடும்.

பூமிக்குள் கிடைக்கும் புதையலுக்கு 1878ம் வருடச் சட்டம் இருக்கிறது. பத்து ரூபாய்க்கு மேல் மதிப்பிருந்தால் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். உரியவர் வர அறிவிப்புச் செய்வார்கள். நூறு வருடத்திற்கு முன் புதைக்கப்பட்டது, உரியவர் இல்லை என்று முடிவானால், எடுத்தவருக்கும் நிலத்துக்காரருக்கும் இடையே வேறு ஒப்பந்தம் இல்லாதபோது, எடுத்தவருக்கு நான்கில் மூன்று பங்கு, நிலத்துக்காரருக்கு ஒரு பங்கு. நம் ஃபிக்ஹில் இஸ்லாத்திற்கு முந்திய காலத்துப் புதையலில் ஐந்தில் ஒரு பங்கு கொடுக்க வேண்டும் என்ற சட்டம் இருப்பது உங்களுக்குத் தெரியும். நாட்டுச் சட்டத்தை மறைத்து எடுத்துக்கொள்வது நமக்கு அழகல்ல.

வாரிசே இல்லாமல் இறந்தவருடைய சொத்து, அரசியல் சாசனத்தின் 296வது பிரிவுப்படி, அது இருக்கும் மாநிலத்தின் அரசுக்குச் சேரும். ஆனால் வாரிசு இல்லை என்று சொல்லும் அரசுதான் அதை நிரூபிக்க வேண்டும்.

அரசுகளுக்குள்ளேயே இதில் போட்டி வந்ததுண்டு. அமெரிக்காவில் ஒவ்வொரு மாநிலமும் உரியவர் வராத பணத்தைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொள்ளும். ஒரே பணத்திற்கு இரண்டு மூன்று மாநிலங்கள் வந்து நின்றால்? 1965ல் டெக்சாஸ், நியூஜெர்சி மாநிலங்களுக்கு இடையிலான வழக்கில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ஒரு விதி வகுத்தது. பணம் யாருக்குச் சேர வேண்டுமோ அவருடைய கடைசி முகவரி நிறுவனத்தின் ஏட்டில் எந்த மாநிலத்தில் இருக்கிறதோ அந்த மாநிலத்திற்கு முதல் உரிமை. முகவரியே இல்லை என்றால் நிறுவனம் பதிவான மாநிலத்திற்கு. பிறகு மணிகிராம் நிறுவனத்தின் மூலம் வாங்கி யாரும் மாற்றாமல் விட்ட பணத்தை, அந்த நிறுவனம் பதிவான டெலவேர் மாநிலம் எடுத்துக்கொண்டது. எங்கள் மாநிலத்தில் வாங்கியது எங்களுக்கு என்று மற்ற மாநிலங்கள் வழக்காடின. 2023 பிப்ரவரியில், 1974ம் வருடச் சட்டத்தின்படி, வாங்கப்பட்ட மாநிலத்திற்கே என்று தீர்ப்பு வந்தது.

இந்த வழக்கில் நமக்கு என்ன பாடம்? மாநிலங்கள் சண்டை போட்டது, யார் கையில் இருக்க வேண்டும் என்பதற்குத்தான். பணத்துக்குரியவர் அந்தச் சண்டையில் கட்சியே அல்ல. நம் குடும்பங்களிலும் இதுதானே நடக்கிறது? மையித்துடைய சொத்து பெரியவனிடம் இருப்பதா, சின்னவனிடம் இருப்பதா என்று அண்ணன் தம்பி சண்டை போடுகிறார்கள். அதில் பங்குள்ள உம்மாவையும் சகோதரிகளையும் யாரும் கேட்பதில்லை.

இஸ்லாமிய அரசில் இந்தப் பொறுப்பு பைத்துல்மாலுக்கு. வாரிசு இல்லாதவருக்கு நானே வாரிசு என்ற கருத்தில் நபியவர்கள் சொன்னார்கள். நபியவர்கள் விடுதலை செய்த அடிமை ஒருவர் பேரீச்ச மரத்திலிருந்து விழுந்து இறந்துவிட்டார். அவருக்கு வாரிசு யாராவது இருக்கிறாரா என்று முதலில் விசாரிக்கச் சொன்னார்கள். இல்லை என்று தெரிந்த பிறகு, அவருடைய ஊர்க்காரர் ஒருவருக்குக் கொடுக்கச் சொன்னார்கள் என்று ஆயிஷா (ரலி) அவர்களுடைய அறிவிப்பு திர்மிதியில் வருகிறது. முதல் வேலை தேடுவது. தேடி முடித்த பிறகுதான் பங்கு.

வருடங்கள் ஓடினால் உரிமை போய்விடுமா?

ஜமாஅத்தார்களே, இதுதான் இன்றைய பேச்சின் மையம்.

நாட்டின் காலவரையறைச் சட்டப்படி, பிறருடைய நிலத்தை அவருக்கு எதிராக வெளிப்படையாகப் பன்னிரண்டு வருடம் தொடர்ந்து அனுபவித்து வந்தால் உரிமையாளர் வழக்குப் போடும் வாய்ப்பை இழக்கிறார். உஸ்மானியப் பேரரசின் மஜல்லா சட்டத் தொகுப்பிலும் பதினைந்து வருடம் கழிந்த வழக்குகளை நீதிமன்றம் விசாரிக்காது என்ற விதி இருந்தது. ஆனால் அதே மஜல்லாவின் 1674வது விதி, காலம் கடந்ததால் உரிமை அழிந்துவிடாது என்று அறிவிக்கிறது. எதிரி தானே, ஆம், அது அவருடையதுதான் என்று ஒப்புக்கொண்டால் எத்தனை வருடம் ஆகியிருந்தாலும் கொடுக்க வேண்டும்.

கோர்ட்டின் கதவு சாத்தப்படுவது வேறு. ஹக்கு அழிவது வேறு. கோர்ட்டு வேலையை முடிக்க வேண்டும், பழைய சாட்சிகளைத் தேடிக்கொண்டிருக்க முடியாது, அதற்காகக் காலம் குறிக்கிறார்கள். அல்லாஹ்வுடைய கோர்ட்டுக்குக் காலவரையறை கிடையாது. அக்காவுடைய பங்கில் முப்பது வருடம் உழுதாலும் அது அக்காவுடையதுதான். ஒரு சாண் நிலத்தை அநியாயமாக எடுத்தவனுக்கு ஏழு பூமி கழுத்தில் மாட்டப்படும் என்ற எச்சரிக்கையில் வருடக் கணக்கு எதுவும் சொல்லப்படவில்லை.

இதே போலத்தான் நாமினி. அஸருக்குப் பிறகு ஒரு சகோதரர் என்னிடம் வந்தார். அத்தா மௌத்தாகி மூன்று வருடம். வங்கியில் இவர் பெயர் நாமினி. பணத்தை வாங்கி வீட்டுக் கடனை அடைத்துவிட்டார். மூன்று சகோதரிகள், உம்மா இருக்கிறார்கள். அத்தா என் பெயரைத்தானே போட்டார், அவர்களும் கேட்கவில்லையே என்றார்.

நாமினி என்றால் என்ன? வங்கி யாரிடம் கொடுத்துவிட்டுத் தன் பொறுப்பை முடித்துக்கொள்ளலாம் என்பதற்கான பெயர். நாமினி ஆனதால் வாரிசுகளுடைய உரிமை போய்விடாது என்று நம் உச்ச நீதிமன்றமே பல தீர்ப்புகளில் சொல்லியிருக்கிறது. பங்குகள் சம்பந்தமாக 2023 டிசம்பரிலும் சொன்னது. நாட்டுச் சட்டமும் ஷரீஅத்தும் ஒன்றாகச் சொல்லும் இடத்தில் நமக்கு என்ன சாக்கு இருக்கிறது?

கணக்குப் பார்ப்போம். கடன், வஸிய்யத் போக எட்டு லட்சம் மீதி என்று வைத்துக்கொள்ளுங்கள். மையித்துடைய பெற்றோர் உயிருடன் இல்லை. மனைவிக்கு எட்டில் ஒன்று, ஒரு லட்சம். மீதி ஏழு லட்சத்தை ஐந்து பாகமாக்கினால் மகனுக்கு இரண்டு பாகம், 2 லட்சத்து 80 ஆயிரம். ஒவ்வொரு மகளுக்கும் ஒரு பாகம், 1 லட்சத்து 40 ஆயிரம். நாமினி மகன் மொத்தத்தையும் வைத்துக்கொண்டால், 5 லட்சத்து 20 ஆயிரம் அவர் கையில் இருக்கும் பிறருடைய பணம்.

அவர்கள் கேட்கவில்லை என்பது சம்மதம் அல்ல. அவர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். கேட்டால் பிறந்த வீட்டு வாசல் அடைத்துவிடும் என்ற பயமாக இருக்கலாம். தொகை இவ்வளவு, உன் பங்கு இவ்வளவு என்று சொல்லி, கையில் கொடுத்து, அதன் பிறகு அவர்கள் மனமுவந்து திருப்பித் தந்தால் அது வேறு.

அந்தச் சகோதரரிடம் ஒரு ஹதீஸைச் சொன்னேன். அதை உங்களுக்கும் சொல்கிறேன்.

நெருப்புத் துண்டு

உம்மு ஸலமா (ரலி) அறிவிக்கிறார்கள். பழைய வாரிசுச் சொத்து விஷயமாக இரண்டு பேர் நபியவர்களிடம் வழக்குக் கொண்டுவந்தார்கள். சாட்சி இல்லை. எழுத்து இல்லை. இருவருடைய கோரிக்கை மட்டும்தான் இருந்தது. நபியவர்கள் சொன்னதன் கருத்து: நானும் மனிதன்தான். உங்களில் ஒருவர் மற்றவரைவிடத் திறமையாக வாதாடக்கூடும். கேட்டதை வைத்து நான் தீர்ப்புச் சொல்வேன். தன் சகோதரனுடைய உரிமையை யாருக்காவது நான் கொடுத்துவிட்டால் அவர் அதை எடுக்க வேண்டாம். நான் அவருக்கு வெட்டிக் கொடுப்பது நெருப்பின் ஒரு துண்டுதான்.

தீர்ப்புச் சொல்வது யார்? அல்லாஹ்வின் தூதர். அவர்களுடைய தீர்ப்பே ஹராமை ஹலாலாக்காது என்றால், ஒரு வங்கி மேனேஜருடைய கையெழுத்து ஹலாலாக்கிவிடுமா? பட்டாவில் பெயர் ஏறியது ஹலாலாக்கிவிடுமா?

இதைக் கேட்டதும் இரண்டு பேரும் அழுதார்கள். என் உரிமை உனக்கே என்றார் ஒருவர். இல்லை, என் உரிமை உனக்கே என்றார் மற்றவர். அப்போது நபியவர்கள், அப்படியானால் போய்ப் பங்கு வைத்துக்கொள்ளுங்கள், நியாயத்தை நாடுங்கள், சீட்டுப் போட்டு எடுங்கள், பின்பு ஒருவரை ஒருவர் மன்னித்து ஹலாலாக்கிக்கொள்ளுங்கள் என்ற கருத்தில் வழிகாட்டினார்கள். (அபூதாவூத்)

என்ன அழகான ஏற்பாடு! விட்டுக்கொடுக்க மனம் வந்துவிட்டது என்பதற்காக நபியவர்கள் கணக்கைக் கைவிடச் சொல்லவில்லை. பங்கு வைக்கச் சொன்னார்கள். கணக்கும் வேண்டும், மன்னிப்பும் வேண்டும்.

மறு வாரம் அந்தச் சகோதரர் வந்தார். ஹஜ்ரத், உம்மாவிடமும் சகோதரிகளிடமும் தொகையைச் சொல்லிவிட்டேன், மாதாமாதம் தருவதாக எழுதிக் கொடுத்திருக்கிறேன் என்றார். அல்ஹம்து லில்லாஹ். அல்லாஹ் அவருக்கு பரக்கத் செய்வானாக.

நாம் செய்ய வேண்டியவை

முதலாவது, எழுதி வையுங்கள். கடனை எழுதி வைக்கும்படி குர்ஆனின் மிக நீண்ட வசனத்தில், சூரா பகராவின் 282வது வசனத்தில், அல்லாஹ் நமக்குச் சொல்கிறான். எந்த வங்கி, எந்தக் கிளை, எந்தப் பாலிசி, யாருக்குக் கொடுக்க வேண்டியது, யாரிடம் வர வேண்டியது என்று ஒரு நோட்டில் எழுதி, வீட்டில் இருவருக்காவது தெரியும்படி வையுங்கள். வஸிய்யத் செய்ய வேண்டிய விஷயம் உள்ளவர் அதை எழுதி வைக்காமல் இரண்டு இரவுகள் கழிக்கலாகாது என்ற கருத்தில் ஹதீஸ் இருக்கிறது.

இரண்டாவது, மௌத்தானவர்களுடைய பணத்தைத் தேடுங்கள். ரிசர்வ் வங்கி 2023 ஆகஸ்டில் உத்கம் என்ற இணையதளத்தைத் தொடங்கியிருக்கிறது. மொபைல் நம்பரைப் பதிவு செய்து, இறந்தவருடைய பெயரையும், பான் கார்டு, வாக்காளர் அட்டை, பிறந்த தேதி போன்ற ஏதேனும் ஒரு விவரத்தையும் கொடுத்தால், எந்த வங்கியில் பணம் இருக்கிறது என்று தெரியும். பிறகு வாரிசுச் சான்றிதழுடன் அந்த வங்கிக்குப் போக வேண்டும். கட்டணம் கிடையாது. எடுத்துத் தருகிறேன், கமிஷன் கொடு, ஓ.டி.பி. சொல் என்று யாராவது போன் செய்தால் நம்பாதீர்கள். படித்த இளைஞர்கள் இந்த மஹல்லாவின் விதவைகளுக்கு இதைத் தேடிக் கொடுங்கள். அது பெரிய அமல்.

மூன்றாவது, கிடைத்தால் ஃபராயிள் சட்டப்படி பங்கு வையுங்கள். அசல் தொகை வாரிசுச் சொத்து. வட்டியாகச் சேர்ந்ததைப் பிரித்து, நன்மையை எதிர்பார்க்காமல் ஏழைகளுக்குக் கொடுத்துவிடுங்கள்.

நான்காவது, நாமினியாக இருப்பவர்கள் இன்றே வீட்டில் சொல்லிவிடுங்கள்: இது என் கையில் இருக்கும் அமானிதம், என் சொத்து அல்ல.

சகோதரர்களே! புகாரியில் இன்னொரு வழக்கு வருகிறது. ஒருவர் நிலம் வாங்கினார். அதில் தங்கம் நிறைந்த ஒரு பானை கிடைத்தது. விற்றவரிடம் எடுத்துக்கொண்டு போய், நிலத்தைத்தான் வாங்கினேன், தங்கத்தை வாங்கவில்லை என்றார். விற்றவரோ, நிலத்தையும் அதில் உள்ளதையும் சேர்த்தே விற்றேன் என்றார். எனக்கு வேண்டாம் என்று இருவரும் நீதிபதியிடம் போனார்கள். அவர் விசாரித்தார். ஒருவருக்கு மகன், மற்றவருக்கு மகள். இரண்டு பேருக்கும் நிகாஹ் செய்து வையுங்கள், அவர்களுக்குச் செலவழியுங்கள், ஸதகாவும் செய்யுங்கள் என்றார்.

எனக்கு எனக்கு என்று போன வழக்குகள் குடும்பங்களைப் பிரித்தன. எனக்கு வேண்டாம் என்று போன வழக்கு இரண்டு குடும்பங்களை ஒன்றாக்கியது.

யா அல்லாஹ்! எங்கள் கையில் இருக்கும் பிறருடைய உரிமையை, அவர்கள் கேட்பதற்கு முன்பே கொடுத்துவிடும் மனதைத் தருவாயாக. எங்கள் யதீம்களுடைய, விதவைகளுடைய, சகோதரிகளுடைய ஹக்கை அவர்களிடம் சேர்ப்பாயாக. நெருப்புத் துண்டை எங்கள் வீட்டுக்குள் கொண்டுவருவதிலிருந்து எங்களைப் பாதுகாப்பாயாக. ஆமீன்.